வாட்டர் வாஷ்

எங்க அப்பாவோட டிவிஎஸ் 50 ஊர்த்தெருவுல மட்டும் நின்னுபோவும்.

1997-இல் வாங்கிய வண்டி. வாங்கியது என்றால் புதுசு இல்லை. அப்பா செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தார். சூளைக்காரர் ஓட்டித் தேய்ந்த வண்டியை, கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எடுத்து வந்தார். எங்கள் காலனிக்கு வந்த முதல் மோட்டார் வண்டி அது. அம்மா கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. இன்னொன்று ஏரிக்கரை. மழை பெய்தால் அதில் ஆடுகூட நடக்காது. அப்பா என்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஓட்டுவார். ஊர் முனைப் புளியமரம் வந்ததும் வண்டி ரெண்டு உதறு உதறி நின்றுவிடும். அப்பா இறங்குவார், என்னையும் இறக்கிவிடுவார். தலையில் கட்டியிருந்த துண்டு இடுப்புக்கு வரும். மாரியம்மன் கோயில், தலைவர் வீடு, பால் சொசைட்டி எல்லாம் தாண்டித் தள்ளிக்கொண்டே போவார். மெயின் ரோட்டு மதகு வந்ததும் ஏறி உட்கார்ந்து பெடலை நாலு மிதி மிதிப்பார். வண்டி கிளம்பிவிடும்.

திண்ணையில் இருப்பவர்கள் கேட்பார்கள், "என்னடா, வண்டி மக்கரா?"

"ஆமாங்க சாமி. பழைய வண்டிங்க."

அவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்கு அந்த வண்டியை நினைத்து ரொம்ப அவமானமாக இருக்கும்.

ஒருநாள் விருத்தாசலத்தில் பாய் கடையில் வண்டியை விட்டார். சைலன்சரில் கரி அடைத்துக்கொண்டு இழுக்காமல் போயிருந்தது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டி, அப்படித்தான் அடைக்கும். பாய் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அப்பா சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்து நானே சொன்னேன், "பாய், இன்னொரு ரிப்பேரும் இருக்கு. ஊர்த்தெருவுக்கு வந்தா வண்டி நின்னுடுது. ரோட்டுக்கு வந்தா ஓடுது."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஒன்றும் சொல்லாமல் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினார். "சரியாப் போயிடும் தம்பி" என்றார். பிளக்குக்குக் காசு வாங்கவில்லை.

சரியாகவில்லை. ஏழாவது படிக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. அப்போது பின்னால் உட்கார்ந்து போகிற வயசு. சுடுகாட்டுத் திருப்பத்தில் அப்பாவின் கை கீழே போய் பெட்ரோல் டேப்பை மூடியதைப் பார்த்தேன். டேப்பை மூடினாலும் கார்புரேட்டரில் இருக்கிற பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். எங்கே மூடினால் எங்கே நிற்கும் என்று அப்பாவுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. திருப்பத்தில் மூடினால் புளியமரத்தில் நிற்கும். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் பிரிவில் புதிதாகச் சேர்த்த குற்றங்களில் ஒன்று, பொது இடத்தில் தலித்துகள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது. செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது அதே வரியில் வருகிறது. ஒரு பயிற்சி முகாமில் அந்த வரியைப் படித்துக்காட்டும் வேலை எனக்கு வந்தது. படிக்கும்போது குரல் மாறிவிட்டது. அப்பா 2013-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தாலும் என்ன புகார் கொடுத்திருப்பார்? தடுத்தது யார் என்று போலீஸ் கேட்டால் யார் பெயரைச் சொல்வார்? யாரும் தடுக்கவில்லை. வண்டிதான் நின்றுபோனது.

நான் சொல்ல வந்தது மெக்கானிக் கடையைப் பற்றி.

2014-இல் தவணையில் ஒரு ஸ்பிளெண்டர் எடுத்தேன். இயக்க வேலைக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். ஒருநாளைக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓடும். பாய் கடை அதற்குள் இல்லாமல் போயிருந்தது. பாய் மகன் வெளிநாடு போய்விட்டான். எங்கள் காலனியிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு கூட்ரோடு. அங்கே ஒரு கடை. ஓனர் பக்கத்து ஊர்க்காரர், ஆதிக்க சாதி. ஆனால் தொழில்காரர், அதை மறுக்க மாட்டேன். ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "டேப்பட் இல்ல, டைமிங் செயின்" என்பார். பிரித்துப் பார்த்தால் டைமிங் செயின்தான். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அதனால்தான் அவ்வளவும் பொறுத்துக்கொண்டு போனோம்.

முதல் நாள் கேட்டார், "எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அந்த ஊர்ல யாரு வூடு?"

இந்தக் கேள்வி எதற்கென்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "காலனி" என்றேன். அந்த 'ங்க' அதோடு போனது. அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் 'வா', 'உக்காரு', 'வுட்டுட்டுப் போ'. தமிழ் படித்தவனுக்கு விகுதிமேல் கண் போகும். அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எண்ணிக்கொண்டிருப்பேன். இருபது வயசுப் பையன் ஊர்த்தெருவிலிருந்து வந்தால் 'வாங்க மாப்ள'. அறுபது வயசில் எங்கள் பெரியப்பா போனால் 'என்னப்பா'. மாமன், மச்சான், சித்தப்பன், பங்காளி என்று எல்லா முறையும் அந்தக் கடையில் புழங்கும். வண்டி விடுகிறவனில் பாதிப்பேர் அவருக்கு ஏதோ ஒரு முறை. எங்களுக்கு முறை கிடையாது. மனசு நல்லா இருக்கும் நாளில் 'தம்பி'.

எங்கள் தெருவில் அந்தக் கடைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காலையில் ஒன்பதுக்கு விட்டால் மதியம் கைவைப்பார். பின்னால் வந்த வண்டிகள் முன்னால் போகும். கேட்டால், "அவுங்களுக்கு அவசரம்பா." கிளட்ச் பிளேட் மாத்தணும் என்றால் எங்களிடம் முன்பணம். அவர்களுக்கு, "எடுத்துட்டுப் போ மாமா, நெல்லு போட்டுட்டுக் குடு." வேலை முடிய ரெண்டு நாள் ஆகும் என்றால் ஊர்க்காரர்களுக்குத் தன் வண்டிச் சாவியைக் கொடுத்தனுப்புவார். நாங்கள் நாலு கிலோமீட்டர் நடந்து வருவோம். அங்கன்வாடியில் வேலை செய்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் ஸ்கூட்டியை மாலை ஏழு மணிவரை தொடாமல் வைத்திருந்தார். அவள் இருட்டில் அந்த ரோட்டில் தனியாக வந்தாள். அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டருக்கு ஒருதரம் வண்டி நின்றாலும் அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் ரோஷம் அதிகம்.

பழைய பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டுப் புதுசுக்குப் பில் போடுகிறார் என்றும் ஒரு புகார் உண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும். அதை எல்லாருக்கும் செய்தார். அதில் மட்டும் சாதி பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு டீ வரும். ஓனருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர்களுக்கும் கண்ணாடி கிளாஸ். எங்களுக்குப் பேப்பர் கப். நான் ஒருமுறை கிளாஸை எடுக்கப் போனேன். "பேப்பர்ல குடி தம்பி, அதான் சுத்தம்" என்றார். ரெட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் பேப்பர் கப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கடையில் ஒரு பையன் இருந்தான். பத்தாவதோடு நின்றவன், பதினாறு, பதினேழு இருக்கும். பக்கத்து ஊர்க் காலனி. நம்ம பையன். இன்ஜினைப் பிரிப்பது, செயின் கழுவுவது, வாட்டர் வாஷ் அடிப்பது எல்லாம் அவன்தான். நாளுக்கு நூற்றைம்பது ரூபாய். அவன் கைபட்ட வண்டியில்தான் எல்லாரும் ஏறிப் போனார்கள். ஆனால் கடைக்குள் இருக்கிற தண்ணீர்க் கேனிலிருந்து அவனாகப் பிடித்துக் குடித்து நான் பார்த்ததில்லை. வாட்டர் வாஷ் ஓசில் கையை ஏந்திக் குடிப்பான்.

2017 ஏப்ரல் 12. பதினாலாம் தேதி ஊர்வலம். வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஜெனரல் சர்வீசும் வாட்டர் வாஷும் சொல்லி விட்டேன். என் வண்டி டேங்கில் அம்பேத்கர் ஸ்டிக்கர் இருக்கும். நீலக்கோட்டு, கண்ணாடி, உள்ளங்கை அளவு. வண்டி வாங்கிய அன்றைக்கே ஒட்டியது. மூன்று வருஷ மழையிலும் வெயிலிலும் ஓரம்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் போனேன். வண்டி பளபளவென்று நிற்கிறது. ஆயில் மாற்றி, செயின் டைட் பண்ணி, பிரேக் ஷூ தேய்த்து, வேலையில் ஒரு குறை இல்லை. டேங்கில் ஸ்டிக்கர் இல்லை. இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது.

"ஸ்டிக்கர் எங்கண்ணே?"

"எந்த ஸ்டிக்கரு?"

"டேங்க்ல இருந்தது."

"வாட்டர் வாஷ்ல போயிருக்கும். பிரஷர்ல நிக்குமா?"

என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி, அதுவும் அன்றைக்குத்தான் வாட்டர் வாஷ் அடித்தது. இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் சிங்கம், அதற்கு மேலே குறுக்காக ரெண்டு வாள், அதற்குக் கீழே 'ஆண்ட பரம்பரை'. ஒரு எழுத்து உரியவில்லை. நான் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். பெஞ்சில் நாலுபேர் இருந்தார்கள். "நானூத்தம்பது" என்றார். கொடுத்தேன்.

பையன்தான் வண்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கிக்கர் உதைத்தான். அந்தச் சத்தத்தில் சொன்னான், "அண்ணே, நான்தாண்ணே எடுத்தன். அவரு எடுடான்னாரு. எதுவும் கேக்காதீங்கண்ணே." முகத்தைத் தூக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தோழர்கள் மூணுபேரிடம் மட்டும் சொன்னேன். ஒருவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அதே மூன்றாம் பிரிவில், தலித் மக்கள் உயர்வாக மதிக்கிற பொருளைச் சேதப்படுத்துவதும் அவமதிப்பதும் குற்றம். சிலை மட்டுமில்லை, புகைப்படமும் படமும் அதில் அடங்கும் என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. சாட்சி? பெஞ்சில் இருந்த நாலுபேரா சொல்வார்கள்? சாட்சி என்று இருந்தது ஒரே ஒருவன், உரித்த பையன். சட்டத்தின்படி அவன் குற்றவாளி ஆக மாட்டான். ஆனால் அவன் அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவள், வீட்டில் அவனுக்குக் கீழே ரெண்டு. ஸ்டேஷனில் அவனை உட்கார வைத்தால் மறுநாள் கடை கிடையாது. அதற்கு மறுநாள் அவன் ஊரில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? விடிய விடியப் பேசினோம். புகார் கொடுக்கவில்லை.

பதினாலாம் தேதி காலையில் புதுசாக வேறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனேன், அதைவிடப் பெரியது. ஊர்வலத்தில் ஒரு தோழர் கவனித்துவிட்டார். "பழசு நல்லா இருந்துச்சே, எங்க தோழர்?"

"வாட்டர் வாஷ்ல போயிடுச்சு தோழர்" என்றேன்.

பத்து வருஷமாக மேடையில் பேசுகிற வாய் அது.

ஒரு ஸ்டிக்கருக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் உண்டு, நம்மிலேயே உண்டு. வண்டி என்பது எங்களுக்கு வண்டி மட்டுமில்லை, அவர்களுக்கும் அப்படி இல்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது எதையெதை நொறுக்கியது என்று பாருங்கள். டிவி, மின்விசிறி, தையல் எந்திரம், சைக்கிள், டிராக்டர். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்துச் சேர்த்ததைத் தேடித்தேடி உடைத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு சேர்ந்து இரு சக்கர வண்டிகளும் எரிந்து கிடந்தன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகளில் வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டியது கையை. ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை.

அந்தப் பையன் 2021-இல், கொரோனா ரெண்டாவது அலை ஓய்ந்த பிறகு, தனியாகக் கடை போட்டான். அவன் ஊர்க் காலனி முனையில், ரோட்டு ஓரப் புறம்போக்கில், நாலு கழி நட்டுத் தகரம் போட்ட கடை. ஒரு டூல் பெட்டி, காற்றடிக்க ஒரு பழைய கம்ப்ரசர். திறப்பு விழாவுக்கு என்னைத்தான் கூப்பிட்டான். ரிப்பன் வெட்டி, தலித் பொருளாதாரம் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். நம்ம ஆள் கடைக்கு நாம போகாவிட்டால் யார் போவார்கள் என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

ரெண்டு மாசம் கழித்து என் வண்டியில் இன்ஜின் வேலை வந்தது. பிஸ்டன், ரிங் மாற்றி, போர் போட வேண்டும். நான் எங்கே விட்டேன் என்று நினைக்கிறீர்கள்? கூட்ரோட்டுக் கடையில்.

பெரிய வேலை, சின்னப் பையன், கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய். கூட்ரோட்டுக் கடையில் அஞ்சு வருஷமாக என் இன்ஜினைப் பிரித்து மாட்டியதே அவன்தான். ஓனர் காதில் வைத்துக் கேட்பார், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கை அங்கே இருந்தவரை நம்பினேன், நம்ம தெரு முனைக்கு வந்ததும் நம்பவில்லை. புத்தகம் எழுதலாம் இதைப் பற்றி, ஆனால் வண்டியைக் கொண்டுபோய் விட முடியவில்லை.

அவனுக்குச் செய்தி போயிருக்கும். கேட்கவில்லை. மூணு மாசம் கழித்து வெட்கத்தோடு நானே போனேன். கூட்ரோட்டில் போட்ட போர் சரியாக வரவில்லை, வண்டி புகை தள்ளியது. பிரித்துப் பார்த்தான். "ரிங்க மாத்திப் போட்டிருக்காங்கண்ணே. இப்ப அங்க புதுப் பையன்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அங்கேதான்.

கடை பெரிதாக ஓடவில்லை. நம்ம ஆட்கள் வருகிறார்கள், கடன் சொல்கிறார்கள். கூட்ரோட்டில் முன்பணம் கட்டியவர்களே இங்கே "அடுத்த வாரம் தரன்டா" என்று போகிறார்கள். நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதில் என் பெயரும் ரெண்டு இடத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன். கோளாறு பார்க்க ஸ்கேனர் வேண்டும். அது இல்லாததால் புது வண்டிகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறான். லோனுக்கு ரெண்டு பேங்க் ஏறி இறங்கினோம். கடை இருக்கிற இடம் புறம்போக்கு, பட்டா கேட்டார்கள். ஊர்த்தெரு வண்டிகள் பகலில் வராது. ராத்திரி பஞ்சர் என்றால் வரும். லைட்டை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார்கள். "எங்க வந்தன்னு சொல்லாத" என்பார்களாம். ஒட்டிக் கொடுக்கிறான். காசைக் கையில் வாங்குகிறான். டப்பாமேல் வைத்துவிட்டுப் போனால், "கையில குடுங்க, இருட்டுல தெரியல" என்பானாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தான்.

போன மாசம் செயின் சத்தம் என்று போயிருந்தேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னைக்கு அந்த ஸ்டிக்கர எடுத்தியே..."

"ஒண்ணாண்ணே? அங்க நெறைய எடுத்திருக்கன்." ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நம்ம ஆளுங்க வண்டி வந்தா மொதல்ல அதான் வேல. தின்னர் ஊத்தி எடுடாம்பாரு. தின்னர் ஊத்துனா ஒடனே வந்துடும், ஆனா டேங்க் பெயிண்ட்டும் வந்துடும். உங்க வண்டிக்கு ஊத்தல. மண்ணெண்ண தொட்டுத் தொட்டு நகத்தாலதான் எடுத்தன். ஒரு மணி நேரம் ஆச்சு."

பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டான்.

"ஸ்பிராக்கெட் பல்லு போயிடுச்சுண்ணே. செயினோட சேத்து மாத்தணும். பழைய பாக்கியையும் சேத்துக் கொண்டாந்தீங்கன்னா நாளைக்கே வாங்கியாந்து போட்டுடுறன்."